அப்பாவின் மறதி: மருத்துவர் 'லேசான அறிதிறன் குறைபாடு' என்கிறார், அடுத்து என்ன செய்வது?

நீடாமங்கலம் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், கூடவே சொந்த விவசாயம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்போதே, திறந்தால் நம் வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் வரும் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் எந்த மதகு எப்போது என்பதை நோட்டுப் பார்க்காமல் சொல்வார்.

சென்ற குறுவையிலிருந்து ஆள் கொஞ்சம் மாறிவிட்டார். உழவு ஓட்டியவருக்கு ஒரே கூலியை இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். அவர் நல்ல மனிதர், வீட்டுக்கே வந்து திருப்பிக் கொடுத்தார். யூரியா வாங்கியாயிற்றா என்று காலையில் கேட்டதை மாலையிலும் கேட்கிறார். முறைத் தண்ணீருக்கு இப்போது நோட்டு வேண்டியிருக்கிறது. மற்றபடி வங்கிக்குத் தனியாகப் போகிறார், மொபெட் ஓட்டுகிறார், களத்தில் நின்று மூட்டை எண்ணுகிறார்.

மருத்துவர் ஏதோ சோதனை வைத்து 30-க்கு 22 என்று போட்டார். 'லேசான அறிதிறன் குறைபாடு, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்றார், அடுத்த சீட்டை அழைத்துவிட்டார். அம்மா, 'வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே' என்கிறார். திருப்பூரில் இருக்கும் அண்ணன், 'அல்சைமரைத்தான் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார், உடனே பாஸ்புக்கை வாங்கி வை, நிலத்தை எழுதி வாங்கிவிடலாம்' என்கிறான். இதில் யார் சொல்வது சரி?

மேலவீதி

அம்மா சொல்வதுதான் சரி. என் தாத்தா கடைசிப் பத்து வருடம் என்னை என் சித்தப்பா பெயரால்தான் கூப்பிட்டார். யாரும் அவரைச் சோதனைக்குக் கூட்டிப் போகவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

கல்லணை

மேலவீதி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து வருடம் பேரனை மகன் பெயரால் கூப்பிட்ட தாத்தாவை ஒருமுறை மருத்துவரிடம் காட்டியிருக்கலாம். முதியோர் மருத்துவப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல.

தங்கை, அம்மாவும் அண்ணனும் சொல்லும் இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் அப்பா நிற்கிறார். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், பக்கத்து ஊர்க்காரர் பெயர் நாக்கு நுனியில் நின்று பத்து நிமிடம் கழித்து வருவதும் வயதோடு வருபவை. வங்கிச் சீட்டை நிரப்பத் தெரியாமல் போவது, பழகிய தெருவில் வழி தவறுவது, குளித்தோமா சாப்பிட்டோமா என்பதே தெரியாமல் அன்றாட வாழ்க்கைக்கு இன்னொருவர் தேவைப்படுவது, இது டிமென்ஷியா. அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் நோய்தான் அல்சைமர். இரண்டுக்கும் இடையே ஒரு நிலை இருக்கிறது, உங்கள் மருத்துவர் சொன்ன 'லேசான அறிதிறன் குறைபாடு' அதுதான்: மறதியை அவரோ வீட்டாரோ கவனித்திருக்கிறார்கள், சோதனையிலும் வயதுக்கு மீறிய குறைவு தெரிகிறது, ஆனால் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார். முன்பைவிட நேரம் பிடிக்கும், ஒன்றிரண்டு பிழை வரும், அவ்வளவுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொனால்ட் பீட்டர்சனும் உடன் இருந்தவர்களும் 1999-ல் இதற்கு வரையறை கொடுத்தார்கள். அதன் முக்கிய நிபந்தனையே அன்றாட வாழ்க்கை பெரிதாகக் கெடாமல் இருப்பதுதான். தனியாக வங்கிக்குப் போய் வரும் மனிதரை அல்சைமர் என்று அண்ணன் முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால் அது டெங்குவா டைஃபாய்டா வெறும் சளியா என்று தெரியாதல்லவா, அதுபோலத்தான் இந்தப் பெயரும். காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும்.

எண்கள் வேண்டுமென்றால்: அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்த நிலையில் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் டிமென்ஷியாவுக்குப் போனவர்கள் 100-க்கு சுமார் 15 பேர். மீதிப் பேரில் பலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கும் திரும்புகிறார்கள். திரும்பியவர்களுக்கும் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பதால் கண்காணிப்பை விடக் கூடாது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னதில் தவறில்லை. அந்த ஆறு மாதத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பியதுதான் குறை.

கும்பகோணம் மருந்துக்கடை

அம்மா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா விழுங்குகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு தட்டில் கொட்டிப் பெயர்களை எழுதிப் போடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தவை மட்டும் போதாது. என் போன்றவர்களிடம் 'அரிப்புக்கு ஒன்று கொடுங்கள், தூக்கத்துக்கு ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு வாங்கியவையும் வேண்டும்.

நீடாமங்கலம் மகள்

எழுதியிருக்கிறேன் ஐயா. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பல வருடங்களாக. இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், இது யார் ஆரம்பித்தது என்றே வீட்டில் யாருக்கும் நினைவில்லை. சேற்றில் நின்று வரும் அரிப்புக்கு ஃபெனிரமைன், பெரும்பாலும் தினமும் இரவில். தூக்கத்துக்கு, அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலத்தில் பாதி. சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து கறி, மீன், முட்டை கிடையாது. காதும் மந்தம்தான், தொலைக்காட்சிச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

கும்பகோணம் மருந்துக்கடை

நினைத்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் உடல் பி12 வைட்டமினை எடுத்துக்கொள்வது குறையும். பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் அதுவும் அதே திசையில் இழுக்கும். பி12 இயற்கையில் கிடைப்பது மீன், முட்டை, கறி, பால் பொருட்களில்தான். கறி மீன் இல்லாமல் மோர் மட்டும் குடிப்பவருக்கு மூன்றும் சேர்ந்தால் குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதியும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்து ஈடுகட்டலாம்.

ஃபெனிரமைன், குளோர்பெனிரமைன் போன்ற பழைய அரிப்பு மாத்திரைகள் மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்குக் குறுக்கே நிற்பவை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இவை கலந்திருக்கின்றன. அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், நரம்பு வலிக்கு எழுதும் அமிட்ரிப்டிலினும் இதே வகை. வயதானவர்களுக்கு இவற்றைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். மயக்கம் தராத அரிப்பு மாத்திரைகள் கடையில் எப்போதோ வந்துவிட்டன.

அல்பிரசோலம் மறுநாள் பகலிலும் மந்தத்தைத் தரும், கீழே விழவும் வைக்கும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசியாக, கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். வயலிலிருந்து மதியம் மூன்று மணிக்கு வருகிறவர் குழம்பிப் பேசினால் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

கல்லணை

அருமை ஐயா. இதோடு தைராய்டு, சோடியம், சிறுநீரகம், இரத்தசோகை பார்க்கச் சொல்லுங்கள், தலை ஸ்கேனும் ஒன்று. மனச்சோர்வு இருந்தாலும் மறதி போலவே தெரியும். இரவில் பெரிய குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். காதை விட்டுவிடாதீர்கள். காதில் விழாததை யாராலும் நினைவில் வைக்க முடியாது.

குடவாசல் ஆசிரியை

30-க்கு 22 என்ற மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கிறேன். என் மாமியாருக்கு ஒரு முகாமில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் பேனா பிடித்ததில்லை. வட்டம் கோணலாக வந்தது, உடனே முகத்தைச் சுளித்து ஏதோ எழுதிக்கொண்டார்கள். அதே மாமியார் ஊர்ச் சீட்டில் யார் எந்த மாதம் தள்ளி எடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு கழிவு என்று வாயாலேயே சொல்வார். இந்தச் சோதனைகளை எந்த அளவுக்கு நம்புவது?

கல்லணை

நியாயமான கேள்வி டீச்சர். இரண்டு சோதனைகள் அதிகம் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் மொத்தம் 30. எம்.எம்.எஸ்.இ. 1975-ல் வந்தது, லேசான குறைபாட்டைப் பெரும்பாலும் கோட்டைவிட்டுவிடும். மோக்கா 2005-ல் மாண்ட்ரியலில் இதற்கென்றே உருவானது, தமிழிலும் இருக்கிறது. அதில் 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்று வைத்தார்கள், 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பள்ளிக்கே போகாதவருக்கு அந்த ஒன்று போதவே போதாது. அவர்களுக்கு எழுத்து, வரைதல் இல்லாத சோதனைகள் தனியாக உண்டு, அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். நீடாமங்கலம் தங்கையின் அப்பா கணக்கெழுதியவர், அவருக்கு 22 என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எந்தச் சோதனை என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், அடுத்த முறையும் அதையே வைக்கச் சொல்லுங்கள். வேறு சோதனை வைத்தால் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிட முடியாது.

உங்கள் மாமியாரை, வீட்டில் கூட இருப்பவர் சொல்லும் வார்த்தையை வைத்துத்தான் பாதி எடை போட வேண்டும். போன வருடம் செய்ததை இந்த வருடம் செய்கிறாரா என்ற கேள்விக்கு எந்தத் தாளும் ஈடாகாது.

தவில் வீட்டுப் பிள்ளை

பெரியப்பா நாகஸ்வரக்காரர். கோயில் திருவிழாவில் தோடியை எடுத்தால் நள்ளிரவு வரை விரல் பிசகாது. அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்றே இருந்தோம். வாங்கிய முன்பணத்தை மறந்து அதே நாளுக்கு இன்னொரு கல்யாணத்தையும் ஒப்புக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, பெரியம்மா ஒரு வருடமாகத் தேதிகளைத் தன் காலண்டரில் குறித்துச் சமாளித்து வந்திருக்கிறார். வெளியில் தெரிந்தால் கச்சேரி வராது என்று பயம். சின்ன வயதில் கைக்கு வந்தது கடைசி வரை நிற்கும் போலிருக்கிறது. நேற்றுச் சொன்னதுதான் நிற்பதில்லை.

திருச்சி சாலை

எல்லோரும் நல்லவிதமாகப் பேசுகிறீர்கள், நடைமுறைக்கு வாருங்கள். இரண்டு முறை கூலி கொடுத்தவர் நாளைக்கு யாரோ தொலைபேசியில் கேட்டால் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுவார். 'உங்கள் மேல் வழக்கு இருக்கிறது, கைது செய்யப்போகிறோம்' என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கிற காலம் இது. பாஸ்புக், வண்டிச் சாவி இரண்டையும் வாங்கி வைப்பதுதான் புத்தி. அண்ணன் சொல்வதில் தவறே இல்லை.

குடவாசல் ஆசிரியை

சாவியைப் பிடுங்கிவிட்டால் அவர் எங்கே போவார்? திண்ணையில்தான் உட்காருவார். நம் பக்கத்தில் ஏற்கெனவே அறுவடை இயந்திரம் வந்து வயதான விவசாயிக்குக் களத்தில் பாதி வேலையைப் பறித்துவிட்டது. நடவும் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும். மிச்சமிருப்பது வங்கி, உரக்கடை, டீக்கடைப் பெஞ்சு. அதையும் நிறுத்திவிட்டு, 'அப்பா யாரோடும் பேசுவதே இல்லை' என்று அடுத்த வருடம் இங்கே வந்து எழுதுவீர்கள்.

திருச்சி சாலை

பணம் போன பிறகு பேச்சு எதற்கு டீச்சர்?

கல்லணை

இரண்டு பேருக்கும் ஒரு வழி இருக்கிறது. பெரிய தொகையை வைப்பில் போட்டுவிட்டு, செலவுக்கு மட்டும் ஒரு கணக்கைக் கையில் விடலாம். ஓ.டி.பி. வரும் எண்ணை மகள் கைப்பேசிக்கு அப்பாவின் சம்மதத்தோடு மாற்றலாம். கொடுத்த கூலியை ஒரே நோட்டில் எழுதி, வாங்கியவரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லலாம். கணக்கெழுதியவருக்கு அது அவமானமாகத் தோன்றாது, அவருடைய தொழில்தானே. மோட்டாருக்கு டைமர் போடலாம். வண்டி ஓட்டும்போது பின்னால் ஒருமுறை உட்கார்ந்து போய்ப் பாருங்கள். வழி தடுமாறாமல், சமிக்ஞை தவறாமல் ஓட்டினால் பகலில், ஊருக்குள் ஓட்டட்டும். தடுமாற்றம் தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள், அதில் தயவு தாட்சணியம் வேண்டாம்.

மன்னார்குடி ஜூனியர்

நிலத்தைப் பற்றி நான் சொல்கிறேன், நீதிமன்றத்தில் தினமும் பார்ப்பது இதுதான்.

லேசான அறிதிறன் குறைபாடு என்று மருத்துவர் எழுதியதாலேயே ஒருவரின் கையெழுத்துச் செல்லாமல் போகாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கேட்பது, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு தன் நலனுக்கு எது என்று யோசிக்க முடிந்ததா என்பதைத்தான். ஆகவே உங்கள் அப்பாவால் இன்று உயில் எழுத முடியும், பத்திரம் போட முடியும். இப்போதே எழுதி வாங்கிவிட அண்ணன் அவசரப்படுவதால்தான் ஆபத்து. நாளைக்கு வேறொரு வாரிசு, 'மறதிக்காரரிடம் ஏமாற்றி வாங்கினார்கள்' என்று வழக்குப் போட்டால், நீங்கள் எடுத்த அதே மருத்துவச் சீட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

அப்பாவே விரும்பினால் உயில் நல்லது. இரண்டு சாட்சிகள் போதும், அதில் ஒருவர் அவரைப் பார்க்கும் மருத்துவராக இருந்தால் பின்னால் தலைவலி குறைவு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். தான செட்டில்மெண்ட்தான் போடுவது என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவின்படி, அப்படி வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பவர், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதி வைத்துவிட்டால் பிறகு கவலையில்லை என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் அதோடு முடிந்துவிடும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். வங்கிக்கு 'இருவரில் ஒருவர்' கணக்கே நடைமுறைக்கு ஏற்றது.

பழையாறை

வல்லாரை பற்றி யாருமே பேசவில்லையே. வயல் வரப்பில் சும்மா கிடக்கிறது. அதோடு 'நினைவாற்றல் கேப்சூல்' என்று ஒன்று விளம்பரம் வருகிறது, வாங்கலாமா?

கும்பகோணம் மருந்துக்கடை

வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசி. இந்த மறதியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கேப்சூலை நான் விற்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன், வாங்காதீர்கள். பலவற்றில் கிங்கோ என்ற மூலிகை இருக்கும். அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரம் பேருக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் இரத்தக்கசிவு ஆபத்து வேறு.

பழையாறை

டோனெபெசில் என்று ஒன்றை என் மாமாவுக்குக் கொடுக்கிறார்களே?

கல்லணை

அது அல்சைமருக்கானது. லேசான அறிதிறன் குறைபாட்டில் அது டிமென்ஷியாவைத் தள்ளிப்போடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வயிற்றுப்போக்கும் நாடித்துடிப்புக் குறைவும் வரலாம். 2023-ல் அமெரிக்காவில் லெக்கனமாப் என்ற மருந்துக்கு முழு அனுமதி கிடைத்தது. அது மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது சோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும், போனதைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். காரணமே தெரியாத 22 மதிப்பெண்ணுக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இன்றைக்குக் கையில் இருப்பவை சாதாரணமானவை. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடற்பயிற்சி, இது 2018 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு லேசான குறைபாடு வருவது 19 சதவீதம் குறைந்தது என்று 2019-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவில்லை, ஆகவே உங்கள் அப்பாவுக்கு எந்த எண் சரி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காது கேட்கும் கருவி பற்றி 2023-ல் வந்த ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகள் அதிகம் உள்ள பிரிவில் மட்டும் மூன்றாண்டுகளில் சரிவின் வேகம் ஏறக்குறையப் பாதியானது. உங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை, அழுத்தம் இரண்டும் இருக்கின்றன.

மாத்திரைக்கு டவுனுக்கு அலைவது சிரமமென்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும், வருகிறவர் அழுத்தமும் பார்ப்பார்.

நீடாமங்கலம் மகள்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பி12 நன்றாகவே குறைந்திருக்கிறது. தைராய்டு சரி. ஸ்கேனில் வயதுக்குரிய சுருக்கமும் சிறு இரத்தக்குழாய் மாற்றங்களும் மட்டும். ஊசி ஆரம்பித்திருக்கிறோம். அரிப்பு மாத்திரையை மாற்றியாயிற்று, அல்பிரசோலத்தைக் குறைத்து வருகிறோம், காலையில் முகத்தில் தெளிவு தெரிகிறது. யூரியா கேள்வி இன்னும் நிற்கவில்லை. பி12 ஒன்றே காரணமாக இருக்காது, சோதனையைத் திரும்ப வைத்த பிறகே சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர்.

அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பினேன். ஜூனியர் ஐயா எழுதியதை மட்டும் படித்திருக்கிறான். பத்திரப் பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறான், பாஸ்புக் பேச்சு ஓயவில்லை. காதுக் கருவி வேண்டாம் என்கிறார் அப்பா, 'கிழவன் என்று ஊருக்கே போர்டு மாட்டச் சொல்கிறாயா' என்று கேட்கிறார்.

தவில் வீட்டுப் பிள்ளை

பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். பேரன் பாடுவது கேட்கவில்லை என்று ஒருநாள் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவசரப்படுத்தாதீர்கள் அக்கா.

தலைஞாயிறு

இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். அம்மாவுக்கு 68. போன வாரம் வரை நன்றாக இருந்தார். இரண்டு நாளாக ஆள் தெரியவில்லை, பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் மாடு அவிழ்ந்துவிட்டது என்று எழுந்து ஓடுகிறார். மாடு விற்று வருடங்கள் ஆகின்றன. இதுவும் அறிதிறன் குறைபாடுதானா? பி12 பார்க்கட்டுமா?

கல்லணை

இல்லை தம்பி, இது வேறு. நாங்கள் இவ்வளவு நேரம் பேசியது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. இரண்டு நாளில் ஆள் மாறிப்போனால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம், தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுவது, எதுவாகவும் இருக்கலாம். கீழே விழுந்தாரா? ஒரு வாரத்தில் புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தார்களா? இன்றிரவே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108. மாத்திரைப் பட்டைகள் அத்தனையையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைஞாயிறு

சேர்த்துவிட்டோம் ஐயா. சோடியம் 116, மிகவும் குறைவாம். அழுத்தத்துக்குப் புதிதாகச் சேர்த்த நீர் மாத்திரையால் இருக்கலாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். சொட்டு மருந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'ஏன்டா இன்னும் வேலைக்குப் போகவில்லை' என்று திட்டினார்.

கும்பகோணம் மருந்துக்கடை

நல்லது தம்பி. அந்த நீர் மாத்திரையின் பெயரை வீட்டுக்கு வரும்போது சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை எந்தக் கடையில் எதை வாங்கினாலும் முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள், என் கடையாக இருந்தாலும்.